நீ சும்மா இரு, மாமா சொல்றேன்

ஜன்னல் ஓரம் வேணாம் அண்ணாச்சி, காத்து அடிக்கும், இந்தப் பக்கம் வாங்க. கறுப்புக் கண்ணாடியப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். புரை ஆபரேசன்தானே? நீங்க சொல்லவே வேணாம். எந்தக் கண்ணு, வலதுதானே? தலையச் சாய்ச்சு உக்காந்திருக்குறதுலயே தெரியுது. இடதா? சரி, ஏதோ ஒன்னு. சொட்டு மருந்த மட்டும் விட்றாதீங்க. நான் டாக்டர் இல்ல, ஆனா பாதி டாக்டர்னு வச்சுக்கிடுங்க.

எம்பேரு தனுஷ்கோடி. சிவகாசியில ரெண்டு தடவ வார்டு கவுன்சிலர். இப்ப பதவி இல்ல, ஆனா பழக்கம் போகுமா? எங்க சொந்தத்துல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், கால் ஒடிஞ்சாலும், பிரசவ வலி எடுத்தாலும், தனுஷ்கோடியக் கூப்பிடுன்னுதான் சொல்லுவாங்க. எந்த ஆஸ்பத்திரியில எந்த வாசல் வழியா போனா சீக்கிரம் பாப்பாங்க, எந்த நர்சுக்கு எந்த ஊரு, எல்லாம் நமக்கு அத்துப்படி. ஆட்டோக்காரங்க எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் வண்டிய எடுப்பாங்க.

நம்ம சனங்ககிட்ட ஒரு கோளாறு இருக்கு பாத்துக்கிடுங்க. வீட்டுல உசுரு போகுதுன்னு கத்துவான், டாக்டர் முன்னாடி உக்காந்ததும் லேசாத்தான் வலிக்குதும்பான். அதனால நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன். நோயாளி ஸ்டூல்ல உக்காரணும், நாக்க நீட்டச் சொன்னா நீட்டணும். அம்புட்டுத்தான் அவன் சோலி. பேச்சு எம்பேச்சு. டாக்டர் கேள்வியக் கேட்டு முடிக்கறதுக்குள்ள பதில் வந்துரும். எத்தனையோ டாக்டருக்கு என்ன நோயின்னே நான்தான் சொல்லிருக்கேன், மருந்து மட்டும் அவங்க எழுதிக் குடுத்தாங்க.

இப்படிப்பட்ட ஆளுக்கு வீட்டுக்குள்ளயே மரியாதை இல்லன்னா மனசு எப்படி இருக்கும், சொல்லுங்க. சொல்ல வேணாம், கேளுங்க.

எங்கக்கா சீதாலட்சுமிக்கு ஒரே மக, மாரீஸ்வரி. அப்பன் இல்லாத புள்ள. எம்மடியில உக்கார வச்சுத்தான் காது குத்துனோம். காலண்டர் அடிக்கிற பிரஸ்ல கம்ப்யூட்டர்ல உக்காந்து வேல. தினசரிக் காலண்டர் தாள் இருக்குல்ல, அதுல நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், மேற்கே சூலம், அம்புட்டையும் எழுத்து எழுத்தாச் சரி பாக்குறது அவதான். ஒரு தாள்ல தப்பு விழுந்தா ஊர் பூரா எமகண்டத்துல தாலி கட்டிக்கிட்டு நிக்கும். பொடி எழுத்து, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அவ கண்ணுக்குத் தப்பாது. மாரீஸ்வரி பாத்துட்டாளான்னு கேட்டுட்டுத்தான் மொதலாளி மிஷினை ஓட்டச் சொல்லுவாரு. அந்தக் கண்ணு போயிருச்சுன்னா அவகிட்ட வேற என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க.

கொஞ்ச காலமாவே அவளுக்கு வாய்ப்புண்ணு வரும், போகும், திரும்ப வரும். சூடுன்னு சொல்லிட்டேன். நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா சூடு ஏறாம என்ன செய்யும்? மணத்தக்காளிக் கீரையக் கடைஞ்சு போடுன்னு அக்காகிட்டச் சொன்னேன். முட்டி வலிக்குதுன்னா. இந்த வயசுல என்ன முட்டி வலி, நடடின்னேன். கெண்டக்கால்ல செவப்பு செவப்பாத் தடிச்சு வந்துச்சு. கொசுன்னேன். எதுக்கும் எங்கிட்ட வைத்தியம் இல்லன்னு சொல்ல முடியாது.

ஐப்பசி மாசம், பிரஸ்ல தலைக்கு மேல வேல ஓடுற நேரம். ஒரு நாள் இடது கண்ணு செவந்து வந்து நிக்கிறா. மாமா, வெளிச்சத்தப் பாத்தாக் குத்துது, எழுத்தெல்லாம் புகைக்குள்ள இருக்க மாதிரி இருக்குன்னா. நம்ம தெரு முக்கு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். உள்ள நுழையும்போதே சொல்லிட்டேன், மெட்ராஸ் ஐ சார், ஊரெல்லாம் இருக்குன்னு. அவரு டார்ச் அடிச்சுப் பாத்தாரு, ஆமான்னாரு. நல்ல மனுசன், நம்ம சொல்லுக்கு மரியாதை குடுப்பாரு. மாரீஸ்வரி ஏதோ வாயெடுத்தா. நீ சும்மா இரு, மாமா சொல்றேன்னேன். சொட்டு மருந்து வாங்கிட்டு வந்தோம்.

கார்த்திகை பொறந்ததும் ஒரு காலையில அக்கா அழுதுக்கிட்டே ஓடி வர்றா. புள்ள எந்திரிச்சு வலது கண்ண மூடிட்டு அவளப் பாத்திருக்கா. ஆளு நிக்கிறது தெரியுதாம், முகம் இல்லையாம். அம்மா, ஒனக்கு முகம் இல்லம்மான்னு சொல்லிருக்கா. அந்தப் புள்ளையத் தோள்ல தூக்கிட்டுப் பொருட்காட்சி காட்டுனவன் நான். சட்டைப் பித்தான மாத்திப் போட்டுக்கிட்டுத்தான் ஓடுனேன், அதக்கூட டவுனுக்குப் போனப்புறம்தான் பாத்தேன்.

பக்கத்து டவுன்ல பெரிய கண்ணாஸ்பத்திரி. கூட்டம்னா கூட்டம், தேர் இழுக்குற மாதிரி. நான் ஒரு போனப் போட்டேன், நேரா உள்ள விட்டுட்டாங்க. அங்க பாத்தா ஒரு பொம்பளை டாக்டர். அமுதினின்னு பலகை போட்டிருந்துச்சு. சின்னப் பொண்ணு, எங்க வார்டுல மொத ஓட்டுப் போட வர்ற புள்ள மாதிரி இருக்கு. இதுகிட்டயா காட்டப் போறோம்னு அப்பவே எனக்குச் சப்புன்னு போச்சு.

ஆனா நல்லாத்தான் பாத்தா, குறை சொல்லக் கூடாது. மருந்து விட்டுப் பாத்தா, மிஷின்ல தாடைய வைக்கச் சொல்லிப் பாத்தா, படம் புடிச்சுப் பாத்தா. அப்புறம் சொன்னா, கண்ணுக்குள்ள ரத்தக் குழாயெல்லாம் அழற்சியாகி வீங்கி இருக்கு, கிருமியால வந்த மாதிரி தெரியல, உடம்பே தன்னைத்தானே தாக்குற மாதிரி இருக்குன்னு. உடம்பு எதுக்கு அண்ணாச்சி தன்னைத்தானே தாக்குது? அதுக்கு என்ன கிறுக்கா? அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

அதுக்கப்புறம் கேட்டா பாருங்க கேள்வி. வாய்ல அடிக்கடி புண்ணு வருமாங்குறா. கண்ணுக்கு வந்தவகிட்ட வாயப் பத்தி என்ன கேள்வி? இல்லைன்னேன். முட்டி வீங்குமா? இல்லைன்னேன். கால்ல செவப்பாக் கட்டி கிட்டி? இல்லவே இல்லைன்னேன். தையில பொண்ணு பாக்க வர்றதா பேச்சு நடந்துக்கிட்டு இருக்கு. இவ சின்னச் சின்னதா எல்லாத்தையும் எழுதி வச்சா, பூரா நோவுன்னு ஊருக்குள்ள தெரிஞ்சு போகாதா? அவங்க சொல்லட்டும் சார்னா அந்த டாக்டர். நான் சொன்னா என்ன, அவ சொன்னா என்ன, ஒரே ரத்தம்தானேன்னு சொன்னேன்.

அப்படின்னா நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்னா. என்னைய! தாய்மாமன்மா நான், தாய்மாமனுக்குத் தெரியாம என்ன இருக்குன்னு உக்காந்துட்டேன். அவ எங்கக்காவப் பாத்தா. எங்கக்கா என்னையப் பாத்தா. டாக்டர் நாற்காலிய மாரீஸ்வரி பக்கமா இழுத்துப் போட்டு, மெதுவாக் குனிஞ்சு, கீழ, ஒன்னுக்குப் போற இடத்துல எப்பவாச்சும் புண்ணு வந்திருக்காம்மான்னு கேட்டா பாருங்க.

கல்யாணம் ஆகாத புள்ளகிட்ட! மாமன்காரன் பக்கத்துல உக்காந்திருக்கும்போது! எனக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறிருச்சு. எங்க வீட்டுப் புள்ளைய என்னன்னு நெனச்ச, நாங்க எப்பேர்ப்பட்ட குடும்பம் தெரியுமா, கண்ணு பாக்க வந்தா கண்ணப் பாருன்னு அந்த ரூமே அதிருற மாதிரிக் கேட்டேன். மாரீஸ்வரி டாக்டரையே பாத்துக்கிட்டு இருந்தா, வாய் கொஞ்சமாத் தொறந்திருந்துச்சு. பாவம், வெக்கத்துல ஒறஞ்சு போயிட்டா. எந்திரிடின்னேன். கையப் புடிச்சு இழுத்துட்டு வெளிய வந்துட்டேன்.

அந்தப் பொண்ணு வராண்டா வரைக்கும் பின்னாலயே ஓடி வந்துச்சு அண்ணாச்சி. சார், இன்னைக்கே மருந்த ஆரம்பிக்கணும், தள்ளிப் போட்டா பார்வை போயிரும், போனா திரும்ப வராது, அடுத்த கண்ணுக்கும் வரலாம்னு சொல்லுச்சு. ஒம்மேல புகார் எழுதிப் போடுறேனா இல்லையா பாருன்னுட்டு ஆட்டோவுல ஏறிட்டேன். அங்க நின்ன ஆளுக எல்லாம் என்னையத்தான் பாத்தாங்க. மானம்னா மானம்தான். இன்னைக்கும் அத நெனச்சா எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

இருங்க, கண்டக்டர் வர்றாரு. ஏப்பா, அண்ணாச்சிக்கு பஸ்டாண்டு ஒன்னு குடு. என்ன அண்ணாச்சி, பாலத்துக்கிட்ட இறங்கணுமா? அங்கெல்லாம் நிக்க மாட்டான். நிப்பானா? சரி, நீங்க பஸ்டாண்டுலயே இறங்குங்க, அதுதான் வசதி. ஆபரேசன் பண்ண கண்ண வச்சுக்கிட்டு வெயில்ல நிக்காதீங்க. டிக்கெட்ட வச்சுக்கிடுங்க.

எங்க விட்டேன்? ஆங். அதோட நான் சும்மா இருந்தேனா? வேற ஊர்ல ஒரு நரம்பு டாக்டர். தலைய ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுச் சுத்தமா இருக்குன்னாரு. எங்க வம்சத்துலயே தலையில கோளாறு கிடையாதுன்னு சொல்லிட்டு வந்தேன். அப்புறம் இன்னொரு கண் டாக்டர், அவரு கிருமின்னு மாத்திரை குடுத்தாரு. அப்புறம் ஒரு கிராமத்துல பச்சிலைச் சாறு விடுறவரு. எல்லா இடத்துலயும் ஒரே கேள்வி, உடம்புல வேற எங்கயாச்சும் தொந்தரவு இருக்கான்னு. எல்லா இடத்துலயும் இல்லைன்னு சொன்னேன். ஒரு இடத்துலகூட நான் பேச்ச மாத்தல. அலைஞ்சதுல என் செருப்பு தேஞ்சு போச்சு, அத யாரும் கேக்க மாட்டாங்க.

புள்ளைக்கு மட்டும் கண்ணு மங்கிக்கிட்டே போச்சு. மொதல்ல முகம் தெரியல, அப்புறம் விரல் தெரியல, கடைசியில கைய ஆட்டுனா ஏதோ ஆடுதுங்குற அளவுக்கு வந்துருச்சு. பிரஸ்ல வேற ஆளப் போட்டுட்டாங்க. வீட்டுல உக்காந்து பழைய காலண்டர் தாள ஒத்தக் கண்ணால வாசிச்சுக்கிட்டு இருப்பா. ராத்திரி எனக்குச் சாப்பாடு எறங்காது அண்ணாச்சி. அந்த டாக்டர் பொண்ணு விட்ட வாக்குதான் இப்படி ஆயிருச்சுன்னு நெனச்சுக்குவேன். மார்கழியில வலது கண்ணும் செவக்க ஆரம்பிச்சிருச்சு.

அடுத்து யாருகிட்டக் காட்டலாம்னு நான் நாலு பேருக்குப் போன் போட்டு விசாரிச்சுக்கிட்டு இருக்கேன், இங்க ஆத்தாளும் மகளும் கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க. மறுநாளும் வரல. போனப் போட்டா அக்கா பம்முறா. அதட்டுனதுக்கப்புறம்தான் சொல்றா, தம்பி, அந்த அமுதினி டாக்டர்கிட்ட வந்து சேந்திருக்கோம், பெட்டுல படுக்க வச்சு மருந்து ஏத்துறாங்கன்னு. சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லலாமா? சாமி கண்ணக் குத்தாதா?

அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போயி நின்னேன். என்ன நடந்துச்சுன்னா, மாரீஸ்வரி ஆத்தாளையும் வெளிய உக்கார வச்சுட்டு, தனியா அந்த டாக்டர் ரூமுக்குள்ள போயி எல்லாத்தையும் ஒப்பிச்சிருக்கா. வாய்ப்புண்ணு, முட்டி, கால்ல கட்டி, அப்புறம் அது, அந்தக் கேள்விக்கும் ஆமான்னுட்டா. ரொம்ப நாளா வந்து வந்து போகுதாம். டாக்டர் அந்த இடத்துலயே என்ன வியாதின்னு சொல்லிட்டாளாம். பெசட்டோ கிசட்டோ, வெளிநாட்டுக்காரன் பேரு. துருக்கி, ஜப்பான் பக்கம்தான் அதிகமா வருமாம், நம்ம பக்கம் அபூர்வமாம். துருக்கியில இருந்து சிவகாசிக்கு எந்த பஸ்ஸுல வந்துச்சுன்னு கேட்டேன். அந்த டாக்டர் சிரிக்கல.

விசேசம் கேளுங்க. இந்த வியாதிய இதுதான்னு காட்டுறதுக்குத் தனியா ஒரு டெஸ்டே கிடையாதாம். ரத்தத்துல தெரியாது, ஸ்கேன்ல தெரியாது. கண்ணு, வாயி, அந்த இடம், எல்லாத்தையும் ஒன்னாச் சேத்துப் பாத்தாத்தான் தெரியுமாம். நோயாளி வாயத் தொறந்து சொன்னாத்தான் கண்டுபிடிக்க முடியும் சார்னா. நல்ல படிப்பு! நோயாளி சொல்லித்தான் கண்டுபிடிக்கணும்னா இவ எதுக்கு வெள்ளக் கோட்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா? அதத்தான் நான் கேட்டேன். அதுக்கும் சிரிக்கல. மொத நாளே ஆரம்பிச்சிருந்தா ரெண்டு கண்ணும் இருந்திருக்கும், வலது கண்ணக் காப்பாத்திரலாம், இடது கண்ணு இனிமே வராதுன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டா.

நான் புள்ள பக்கத்துல போயி நின்னேன். கையில ஊசியக் குத்தி பாட்டில் தொங்குது. தலையத் தடவிக் குடுத்தேன். அவ மேல விட்டத்தப் பாத்துக்கிட்டே சொன்னா.

"மாமா, அன்னைக்கு ஆமான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

அம்புட்டுத்தான். அழுகை இல்ல, கோவம் இல்ல. எங்கக்கா முந்தானைய வாயில வச்சு அழுத்திக்கிட்டா. எனக்குச் சுருக்குன்னுச்சு அண்ணாச்சி, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க நியாயத்தச் சொல்லுங்க. சொல்ல வேண்டியதுதானே? யாரு வேணாம்னது? நான் என்ன வாயப் பொத்துனேனா? வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தா? இத்தனை வயசுப் புள்ள, பிரஸ்ல ஊருக்கே நேரம் குறிக்கிற புள்ள, டாக்டர் கேட்டா பதில் சொல்லத் தெரிய வேணாமா? இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குத் துணிச்சல் பத்தாது.

அதுக்கப்புறம் செக்கப்புக்கு அவளே போறா, அவளே வர்றா. எந்த மாத்திரை எதுக்குன்னு அவளே சொல்றா. மாத்திரையில முகம் கொஞ்சம் ஊதிப் போச்சு, பொண்ணு பாக்க வர்றேன்னவங்க வரல. அவ அதப் பத்திக் கவலப்பட்ட மாதிரித் தெரியல. பிரஸ்ல திரும்பச் சேத்துக்கிட்டாங்க. ஒத்தக் கண்ணால பாத்தும் தப்பு விடுறதில்லன்னு மொதலாளி சொன்னாராம். எனக்கு அதெல்லாம் அடுத்தவங்க சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கு. எங்கக்கா போன மாசம் பல்லுப் புடுங்கிட்டு வந்திருக்கா, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. பல்லு டாக்டர் எனக்கு எம்புட்டுப் பழக்கம் தெரியுமா? அக்காளுக்காக நான் பேசிருக்க மாட்டேனா?

ஒரு நாள் வீட்டுல யாரும் இல்லாதப்ப இடது கண்ண மூடிக்கிட்டு நானும் நடந்து பாத்தேன். கதவு நிலையில இடிச்சுக்கிட்டேன், தோள்ல இன்னும் வலி இருக்கு. அந்தப் பக்கம் ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கு அண்ணாச்சி. ஆளு நின்னாலும் தெரியல, சோறு இருந்தாலும் தெரியல. அப்படியே கட்டில்ல உக்காந்து அழுதுட்டேன். புள்ள காலம் பூரா இப்படித்தானே நடக்கணும்.

பாலம் வருதா? இருக்கட்டும், உக்காருங்க, நீங்க பஸ்டாண்டுலதானே இறங்குறீங்க. இதக் கேட்டுட்டுப் போங்க.

போன வாரம் பங்காளி வீட்டுக் கல்யாணம். பந்தியில மாரீஸ்வரி உக்காந்திருந்தா, அவளுக்கு வலது பக்கம் ஒரு எலை காலியா இருந்துச்சு. என்ன ஆனாலும் நம்ம புள்ளதானேன்னு போயி உக்காந்தேன். நிமிந்து பாத்தா. மாமா, நீங்க இங்கிட்டு வந்துருங்கன்னு இடது பக்கத்து எலையக் காட்டுனா. அங்க உக்காந்திருந்த பொம்பளைய எந்திரிக்கச் சொல்லி, எனக்கு இடம் வாங்கிக் குடுத்தா. நானும் சாம்பார்ல இருந்து மோர் வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தேன், அந்த டாக்டரப் பத்தி, மாத்திரையப் பத்தி, இனிமே அவ எப்படி இருக்கணும்ங்குறதப் பத்தி. ஒரு வார்த்த எதுத்துப் பேசல, முகத்தத் திருப்பல, நேராப் பாத்துக்கிட்டு நிம்மதியாச் சாப்பிட்டா. பாயசம்கூட ரெண்டாவது தடவ வாங்குனா. இம்புட்டுக்கு அப்புறமும் அந்தப் புள்ளைக்கு எம்மேல எம்புட்டு நம்பிக்கை பாருங்க. கண்ணு தெரியாத பக்கத்துக்கு என்னையத்தான் காவல் வச்சிருக்கா.